வடிவு வாயில் இரண்டு அண்ணாச்சிகள்

சிவகாசியில் சந்தனமாரி காலண்டர்ஸ் ஆபீசில், நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த கற்பகவடிவின் வாயில், ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்குப் பெரிய அண்ணாச்சியின் குரல் வந்தது. அடுத்த நிமிடமே சின்ன அண்ணாச்சியின் குரல் வந்தது. அவளுடைய சொந்தக் குரல் டீ வரும் நேரத்துக்கு வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். டீ வந்தது, வடை வந்தது, மத்தியானச் சாப்பாடு வந்தது, அது வரவில்லை.

பைண்டிங் பெண்கள் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. "இத்தன வருஷம் கழிச்சா வருது?" என்றுதான் கேட்டார்கள். அதில் நியாயம் இருந்தது, ஏனென்றால் அந்த ஆபீசில் வேலை நடந்த விதம் அப்படி. கம்பெனி அண்ணன் தம்பி இருவருடையது. பெரியவர் தங்கப்பழம் அண்ணாச்சி அச்சுக்கூடத்தைப் பார்த்துக்கொண்டார். சின்னவர் ஜெயபால் அண்ணாச்சி வெளியூர் ஏஜென்டுகளையும் ஆர்டர்களையும் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் பூஜை போட்டு அடுத்த வருடத்துக் காலண்டர் படங்களை ஒரு தடித்த ஆல்பமாக வெளியிடுவது அந்த ஊர் வழக்கம். பதினொரு வருடத்துக்கு முன்னால் அந்த ஆல்பத்தின் முதல் பக்கத்தில் முருகன்தான் இருக்க வேண்டும் என்று அண்ணனும், மகாலட்சுமிதான் இருக்க வேண்டும் என்று தம்பியும் சொல்லப்போக, பேச்சு வளர்ந்து, சாமியில் தொடங்கியது சம்சாரங்களில் போய் நின்று, அன்று விட்ட பேச்சை இருவரும் பிறகு எடுக்கவேயில்லை. முதல் பக்கத்தில் யார் கட்சியிலும் சேராத ஓர் அருவிப் படத்தைப் போட்டார்கள். அந்த அருவி பதினொரு வருடமாக விழுந்துகொண்டிருக்கிறது. பிரிந்துபோகவும் இருவருக்கும் மனசில்லை. தாயார் சந்தனமாரியின் படம் மாட்டிய ஒரே ஹாலில், இவர் தும்மினால் அவர் மேஜையில் பேப்பர் பறக்கிற தூரத்தில், எதிரும் புதிருமாக மேஜை போட்டு உட்கார்ந்துகொண்டு, நடுவில் வடிவுக்கு ஒரு நாற்காலியைப் போட்டார்கள்.

அதிலிருந்து அந்த ஹாலில் ஒரு சட்டம் உண்டாயிற்று. அண்ணன் சொன்னது தம்பி காதில் நேராக விழுந்தாலும் விழாத கணக்குத்தான். வடிவு திரும்பிப் பார்த்து, "தாள் லோடு வியாழக்கிழமை வருதாம் அண்ணாச்சி" என்று சொன்ன பிறகுதான் அது கேட்டதாக ஆகும். பிறகு தம்பி பதில் சொல்வார், அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார், வடிவு இந்தப் பக்கம் திரும்பி அதைச் சொல்வாள், அண்ணன் அப்போதுதான் கேட்டவர் மாதிரி புருவத்தைத் தூக்குவார். ஒரு தடவை அவள் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அந்த இரண்டு நாளும் அண்ணன் தம்பி ஒருவரை ஒருவர் பார்த்தபடி வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததில், மிஷின்மேன் யாரைக் கேட்பது என்று தெரியாமல் பிப்ரவரியை முப்பது நாளுக்கு அடித்து வைத்துவிட்டான்.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை பெரியவர், "வடிவு, ஏஜென்டுக்கெல்லாம் ஆடி பதினெட்டுக்குப் பத்திரிகை போயிருச்சான்னு தம்பிகிட்ட கேளு" என்று சொன்னதும், அவள் சின்னவர் பக்கம் திரும்பி, பொடி போட்டுக் கரகரத்த, அடிவயிற்றிலிருந்து வருகிற பெரியவரின் குரலில், "ஏஜென்டுக்கெல்லாம் பத்திரிகை போயிருச்சா?" என்று கேட்டாள். சின்னவர் நிமிரக்கூட இல்லை. "போயாச்சு, போயாச்சு, சும்மா கேட்டுக்கிட்டே இருக்க வேணாம்னு சொல்லு" என்றார். அவள் இந்தப் பக்கம் திரும்பி, மூக்கால் வருகிற, வார்த்தைக்கு வார்த்தை இடம் விடாத சின்னவர் குரலில் அதைச் சொன்னாள். இப்படி முக்கால் மணி நேரம் போனது. பைண்டிங்கிலிருந்து ரசீது வாங்க வந்த மாடத்திதான் முதலில் நின்று கேட்டாள்.

"வடிவக்கா, தொண்ட கட்டிருச்சா?"

"இல்லையே" என்றாள் வடிவு. பெரியவர் குரலில் அதைக் கேட்டதும் மாடத்தி பழக்கதோஷத்தில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

அண்ணாச்சிகளுக்கு விஷயம் புரிந்தபோது இருவருக்கும் அது சௌகரியமாகவே பட்டது. பெரியவர் பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே, "நல்லதுதானம்மா. நான் சொல்றது இனிமே சிந்தாம சிதறாமப் போய்ச் சேரும்ல" என்றார். சின்னவர் அன்று மாலை தனியாக, "முந்தியெல்லாம் நீ சொல்லும்போது என் கோவம் பாதி வழியிலயே ஆறிப்போகும் வடிவு. இப்பத்தான் சூடாப் போகுது" என்றார். இருவரும் அவளைத் தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லித் தனித்தனியாகக் கார் அனுப்பினார்கள். அவள் எந்தக் காரில் ஏறுவது என்று தெரியாமல் ஆட்டோவில் போனாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை பச்சைப்பிள்ளைத் தொண்டை மாதிரி சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு முந்நூறு காலண்டர் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். அவள் வாயிலிருந்த சின்ன அண்ணாச்சி, புரட்டாசிக்குள் தந்துவிடலாம் என்று ஆர்டரை எடுத்துக்கொண்டார்.

அவர்களைக் கெட்டவர்கள் என்று சொன்னால் சொல்கிற நாக்கு அழுகிப்போகும். வடிவு அந்தக் கம்பெனிக்கு வந்து பதினாறு வருடம். கர்ப்பப்பையில் கட்டி என்று அவள் மதுரையில் படுத்திருந்தபோது சின்னவர் சம்சாரம் மூன்று நாள் அவள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். எந்தக் கம்பெனியில் முதலாளி சம்சாரம் பாய் விரிப்பாள்? மகள் தர்ஷினிக்கு ஐந்து வயதில் காது குத்தினபோது, வடிவுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை என்பதால் தாய்மாமன் மடி யார் மடி என்ற கேள்வி வந்தது. நான்தான் என்று அண்ணன் மனையில் உட்கார்ந்தார், நான்தான் என்று தம்பி பக்கத்து மனையில் உட்கார்ந்தார், யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் பிள்ளையின் ஒரு தொடை அண்ணன் மடியிலும் ஒரு தொடை தம்பி மடியிலுமாக வைத்து, வலது காதை அண்ணன் கணக்கிலும் இடது காதைத் தம்பி கணக்கிலும் குத்தினார்கள். இருவரும் போட்டிபோட்டுச் சீர் கொண்டுவந்ததில் வீட்டில் நடக்க இடமில்லை.

அதே வாயால் மற்றதையும் சொல்ல வேண்டும். பதினாறு வருடத்தில் அவளுக்கு ஒரு பதவியும் வரவில்லை. "நம்ம வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கு மேனேஜர், கீனேஜர்னு?" என்பார் பெரியவர். நேற்று மீசை முளைத்த அவர் மகன் வந்து கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தான், அவனுக்குக் கலரையும் கருப்பையும் பிரித்துக் காட்டினது வடிவுதான். லீவு என்று கேட்டால், "எங்களுக்கு லீவு இருக்கா, உனக்கு மட்டும் என்ன?" என்று சிரிப்பார்கள், அது நியாயமாகவும் இருக்கும். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் அவள் மூன்று நாள் பந்தியில் நின்றாள், ஆனால் போட்டோக்காரன் குடும்பத்தை நிற்கச் சொன்னபோது, பையை வைத்துக்கொள்ளச் சொல்லி எல்லோருடைய கைப்பையையும் அவளிடம்தான் கொடுத்தார்கள். பதினொரு பையோடு அவள் சந்தோஷமாகத்தான் நின்றாள். அது சந்தோஷமா வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிறகு பலநாள் குழப்பமாக இருந்தது.

குரல் முதல் வாரம் ஆபீஸ் வேலையோடு நின்றது. இரண்டாவது வாரம் அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தது. காய்கறிக் கடைக்காரம்மா, பெரிய அண்ணாச்சி குரலில் கத்தரிக்காய் கேட்டதும் சொத்தை இல்லாமல் பொறுக்கித் தந்தாள். மின்சார ஆபீசில் ஆறு மாதமாக மாற்றாத மீட்டரை, போனில் சின்ன அண்ணாச்சி குரல் கேட்ட அன்றைக்கே மாற்றினார்கள். தெருக்காரர்களுக்கு இரண்டே நாளில் பழகிவிட்டது. காலையில் அவள் வாசல் தெளிக்கும்போது, "இன்னைக்கு யாரு?" என்று எதிர்வீட்டில் கேட்பார்கள்; "பெரியவுக" என்று அவள் பெரியவர் குரலில் சொன்னால் துண்டைத் தோளிலிருந்து இறக்குவார்கள், "சின்னவுக" என்று சின்னவர் குரலில் சொன்னால் கடனுக்குக் காலண்டர் கேட்பார்கள். வரப்புத் தகராறில் பேசாமலிருந்த இரண்டு பங்காளிகள் தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்து, எங்களுக்கும் நடுவில் ஒரு நாள் உட்கார முடியுமா என்று கேட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஆனால் அந்த ஊர் வாய், வடிவின் வாயைப் பற்றிப் பேசினது குறைவு, அதை உபயோகப்படுத்திக்கொண்டதுதான் அதிகம்.

ஒருவர்கூடக் கேட்காத கேள்வி, வடிவின் குரல் எங்கே போனது என்பது. அது அவளுக்கே நினைவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அடுப்படியில் நின்று தனியாக, "உப்பு... பருப்பு... கற்பகவடிவு..." என்று சொல்லிப் பார்ப்பாள். உப்பு பெரியவர் குரலிலும் பருப்பு சின்னவர் குரலிலும் வரும். தன் பெயரைச் சொல்லும்போது அவர்கள் வேலை ஏவுகிற தொனியில் வரும், அவளும் "இந்தா வந்துட்டேன்" என்று அடுப்பை அணைத்துவிடுவாள்.

இது இத்தோடு நின்றிருந்தால் அவள் காலம் தள்ளியிருப்பாள். அவளுக்கு ஆடி பதினெட்டுக்குள் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. புருஷன் காளிராஜ் போன வருடம் ஓசூரில் பைக் சாமான் செய்கிற பேக்டரியில் வேலை கிடைத்துப் போயிருந்தான். மகள் தர்ஷினியை இந்த வருடம் பதினொன்றாம் வகுப்புக்கு அங்கேயே சேர்த்திருந்தார்கள். வடிவு பின்னாலேயே வருவதாகப் பேச்சு. ஆனால் அண்ணாச்சிகளிடம் வைகாசியில் சொல்லலாம் என்று பார்த்தாள், பெரியவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. ஆனி பிறந்ததும் சொல்லலாம் என்று பார்த்தாள், சின்னவர் வீட்டில் விசேஷம். காளிராஜுக்கு இரவு ஷிப்ட் போட்டுவிட்டார்கள். வயசுக்கு வந்த பிள்ளையை ராத்திரி தனியாக வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது, நீ வரவில்லை என்றால் ஆடிப்பெருக்கு அன்று பிள்ளையை ஹாஸ்டலில் சேர்த்துவிடுவேன், பிறகு இரண்டு வருடம் ஆளுக்கொரு ஊர்தான் என்று அவன் சொல்லிவிட்டான். அவன் மிரட்டுகிற ஆள் இல்லை. வேறு வழியில்லாமல்தான் சொன்னான்.

ஆனி கடைசி ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்தான். "என்ன முடிவு பண்ணிருக்க, வர்றியா இல்லையா?" என்று கேட்டான். வர்றேன் என்று சொல்வதற்காகத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"வடிவு எங்கிட்டும் வர முடியாது தம்பி" என்றது பெரிய அண்ணாச்சியின் குரல். "ஆல்பம் வேலை தலைக்கு மேல கெடக்கு. அவ இல்லாம இங்க எப்பிடி?"

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமையும் ஆபீஸா?" என்று காளிராஜ் மரியாதையாகக் கேட்டான். "சரிங்க அண்ணாச்சி, வச்சிர்றேன்."

இதுவரைக்கும் குரல்தான் மாறியிருந்தது, சொல் அவளுடையதாக இருந்தது. இப்போது சொல்லும் போய்விட்டது. மறுபடி அடித்தாள். எடுத்தது தர்ஷினி. "கண்ணு" என்று கூப்பிட நினைத்த வாயில் சின்னவர் குரல் வேகமாக, "ஏம்மா, பிப்ரவரி புரூஃப் பாத்தாச்சா?" என்றது.

"யாரு பேசுறீங்க?" என்றாள் பிள்ளை. "அம்மாகிட்ட குடுங்க. ஹலோ, எங்க அம்மாகிட்ட குடுங்களேன்."

வடிவு போனை வைத்துவிட்டு அழுதாள். நல்லவேளை, அழுகைக்குக் குரல் தேவைப்படவில்லை.

அவள் படித்தவள், எழுதிக் கொடுத்தால் தீர்ந்தது என்று அப்போதுதான் புத்தியில் பட்டது. 'நான் வர்றேன்' என்று புருஷனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். அவன், 'அண்ணாச்சி முடியாதுங்கிறாக, நீ வர்றேங்கிற, ரெண்டுல எது நெஜம்? ஒரு தடவ வாயால சொல்லு, நான் நம்புறேன்' என்று பதில் போட்டான். மறுநாள் ஒரு முழுத் தாளில், பதினாறு வருடம் மகளாகப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி, ஆடி பதினெட்டோடு வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று எழுதிப் பெரியவர் மேஜையில் வைத்தாள்.

பெரியவர் கண்ணாடியை எடுத்துப் போட்டு, முதல் வரியைப் பார்த்துவிட்டு, தாளைத் திருப்பி வைத்தார். அவர் முகம் நிஜமாகவே வாடியிருந்தது. "என்னம்மா இது, லெட்டரு கிட்டரு? குடும்பத்துக்குள்ள யாராவது லெட்டர் எழுதுவாகளா? என்ன குறைன்னாலும் வாயத் தெறந்து சொல்லு. நான் என்ன புலியா, கரடியா?"

அவள் வாயைத் திறந்தாள். "அவ சொல்ல மாட்டா, நீங்கதான் புரிஞ்சுக்கிறணும்" என்று சின்னவர் குரலில் ஏதாவது வந்துவிடாதா என்று ஆசைப்பட்டாள். வந்தது, "முதல் பக்கத்துக்கு என்ன படம்னு முடிவு பண்ணியாச்சா?" என்பதுதான். எதிர் மேஜையில் சின்னவர், ஆமாம், அதைத்தான் கேட்க நினைத்தேன் என்கிற மாதிரி தலையாட்டினார். பெரியவர் அந்தத் தாளின் பின்பக்கத்தில் முருகன் என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது அடி வாங்கினால் தன் சத்தம் வரும். ஆடி பிறந்ததிலிருந்து அவள் தூங்காமல் கிடந்து யோசித்த விஷயம் வேறு. வடிவு இல்லாமல் இங்கே எப்படி என்று பெரியவர் குரல் சொன்னதே, அது பெரியவர் சொன்னதா, இல்லை, தான்தான் சொன்னதா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த வார்த்தையைக் கேட்டபோது உள்ளுக்குள் எங்கேயோ ஒரு மூலையில் அவளுக்கு இனித்தது நிஜம். ஓசூரில் அவள் போய் யார்? காளிராஜ் சம்சாரம், தர்ஷினி அம்மா, அடுப்படி. இங்கே அவள் திரும்பினால்தான் ஒரு வார்த்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். போக ஆசைப்படுகிறவள் யார், இருக்க ஆசைப்படுகிறவள் யார், இரண்டில் ஒன்று அண்ணாச்சியா, இரண்டுமே அண்ணாச்சிகளா, அப்படியானால் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவள் யார்? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. எழுந்து தண்ணீர் குடித்தாள்.

ஆடிப்பெருக்கும் வந்தது. ஹாலில் வாழைமரம் கட்டி, ஆல்பத்துக்குச் சந்தனம் பூசி, தாயார் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். தஞ்சாவூர், சேலம், பாலக்காடு என்று வெளியூர் ஏஜென்டுகள் முப்பது பேர் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஐயர் மணியடித்து முடித்ததும் வாய் சும்மா இருக்கமாட்டாத தஞ்சாவூர் ஏஜென்ட் எழுந்து, "அண்ணாச்சி, முதப் பக்கத்துல இந்த வருஷமும் அருவிதானா? பாத்துப் பாத்து எங்களுக்குச் சளி பிடிச்சிருச்சு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சிகள் சிரிக்கவில்லை.

"தம்பிகிட்ட சொல்லு, முருகனப் போட்டா அருவிய எடுத்துருவோம்னு" என்றார் பெரியவர்.

"மகாலட்சுமியப் போட்டா நானும் எடுக்கச் சம்மதம்னு சொல்லு" என்றார் சின்னவர்.

வடிவு இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள். முதல் நாலு வார்த்தைகளை அவர்கள்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரியவர் குரல் அவள் வாயில், அப்பா கும்பிட்ட சாமியை மதிக்காதவன் என்றது. சின்னவர் குரல் அதே வாயில், அப்பா என்ன உனக்கு மட்டும் அப்பாவா என்றது. பெரியவர் குரல், அம்மா சாகக் கிடந்தபோது நீ எங்கே இருந்தாய் என்றது. சின்னவர் குரல், நீ எனக்குச் சொல்லியனுப்பினால்தானே என்றது. அவள் தலை தறி நாடா மாதிரி இப்படியும் அப்படியும் போய்வந்தது. அண்ணாச்சிகள் இருவரும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்கள். மாடத்தி டீ கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் தம்பி இருவரும் டீயை ஊதி ஊதிக் குடித்தபடி, பதினொரு வருடச் சண்டை வடிவின் வாயில் தன்பாட்டுக்கு நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏஜென்டுகளும் டீ குடித்தார்கள். இது இந்தக் கம்பெனியில் வருடாவருடம் நடக்கிற ஒன்று என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அப்போது அவள் மடியிலிருந்த போன் அதிர்ந்தது. தலை அந்தப் பக்கம் போய்த் திரும்புகிற இடைவெளியில் அவள் குனிந்து பார்த்தாள். தர்ஷினி அனுப்பியிருந்தாள். 'அம்மா, அப்பா ஹாஸ்டல் ஃபாரம் வாங்கிட்டு வந்துட்டாங்க. மத்தியானம் கையெழுத்துப் போடுறாங்களாம். நீ வரமாட்டியா, இல்ல உன்னய வரவிட மாட்டேங்கிறாங்களா? அத மட்டும் சொல்லு.'

வடிவு அந்தக் கேள்வியை இரண்டு தடவை படித்தாள். அதற்கு அவளிடம் பதில் இல்லை. இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, அந்த இரண்டு மாதத்தில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். பெரியவர் குரல் மூச்சு வாங்கி நின்றது, சின்னவர் குரல் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

"நான் ஓசூருக்குப் போறேன்."

ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வடிவும் திரும்பி, தனக்குப் பின்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது. கொஞ்சம் கம்மலான, நடுவில் உடைந்து சேர்கிற, நாற்பது வயதுப் பொம்பளைக் குரல் அது. கேட்ட மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது.

"நாளையில இருந்து நான் வேலைக்கு வரல. எம்பிள்ளகிட்டப் போறேன்" என்றது அதே குரல், இப்போது கொஞ்சம் சத்தமாக.

பெரியவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஹாலைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். அவர் முகத்தில் பொய் இல்லை, திகைப்புத்தான் இருந்தது. பிறகு அவர் வடிவைத் தாண்டி, நேராக எதிர் மேஜையைப் பார்த்துக் கேட்டார்.

"ஏலே ஜெயபாலு, இது யாரு பேசுனது?"

"தெரியலையேண்ணே" என்றார் சின்னவர், அவரும் நேராகப் பார்த்து.

பெரியவர் எழுந்தார், சின்னவரும் எழுந்தார். தஞ்சாவூர் ஏஜென்ட் முதலில் கைதட்டினார். பிறகு முப்பது பேரும் கைதட்ட, பைண்டிங் பெண்கள் குலவை போட, மிஷின்மேன் உள்ளே ஓடிப்போய்ச் சொல்ல, அண்ணன் நடந்துபோய்த் தம்பி தோளைப் பிடித்து, "ஏண்டா இப்பிடி இளைச்சுப் போன?" என்று கேட்டு அழுதார். தினமும் எட்டடி தூரத்தில் பார்த்த தம்பிதான். தம்பி லட்டை எடுத்து அண்ணன் வாயில் வைத்து, சர்க்கரை ஞாபகம் வந்து பாதியைப் பிடுங்கித் தான் தின்றார். முருகனும் மகாலட்சுமியும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரு படம் போட்டால் என்ன என்றார் ஒருவர். அதைத்தான் நானும் நினைத்தேன் என்றார் மற்றவர். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை வருடமா என்று எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். அந்தக் கலாட்டாவில் நாற்காலி பறிபோய்ப் பாலக்காட்டு ஏஜென்ட் நின்றதைப் பார்த்து, யாரோ நடு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வடிவு நின்றுகொண்டிருந்தாள். சரி போ என்றோ போகாதே என்றோ ஒருவர் சொல்வார் என்று காத்திருந்தாள். பதினாறு வருடம், ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று இருந்தது. அண்ணாச்சிகள் ஒருவர் பேச்சை ஒருவர் முடிக்கவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, வயிறும் எரிந்தது, இரண்டும் சேர்ந்தே இருந்தது. பத்து நிமிடம் பார்த்தாள். பிறகு அவளே, "சரி, போ" என்று சொல்லிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

விருதுநகர் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. உட்கார்ந்ததும் தர்ஷினிக்குப் போன் போட்டாள்.

"ஹலோ, யாரு?"

"அம்மா. நான் பஸ் ஏறிட்டேன், விருதுநகர்ல இறங்கி ஓசூர் பஸ்ஸு மாறணும். கையெழுத்துப் போட வேணாம்னு அப்பாகிட்ட சொல்லு."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிள்ளை உற்றுக் கேட்கிறாள் என்று வடிவுக்குத் தெரிந்தது.

"அம்மாவா?" என்றாள் தர்ஷினி. "எனக்குச் சரியாத் தெரியலையே. கொரலு வேற மாதிரி இருக்கு."

"எனக்கும் அப்பிடித்தான் இருக்கு கண்ணு" என்றாள் வடிவு.

"சரி, வைக்காத. பேசிக்கிட்டே இரு. கண்டுபிடிச்சிர்றேன்."

என்ன பேசுவது என்று வடிவுக்குத் தெரியவில்லை. யாரும் எதையும் சொல்லியனுப்பவில்லை. ஜன்னலில் தெரிந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள், திருத்தங்கல் வந்துவிட்டது, கேட் போட்டிருக்கிறான், ரயில் போகிறது என்று.